எல்லோருக்கும் ஒரே அக்கா

போன மாதம் ஒரு மத்தியானம் போன் வந்தது. கோயம்புத்தூரில் நான் கடைசியாக வேலை பார்த்த தேர்வு மையத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் சுகன்யா என்ற பெண். அவளை நேரில் பார்த்ததில்லை. எந்த லாக்கரின் பூட்டு மக்கர் செய்யும், மாற்றுச் சாவி எங்கே தொங்கும் என்று முன்பும் போன் செய்து கேட்டிருக்கிறாள்.

"பாக்கியக்கா, ஒண்ணு கேக்கோணுங்க. சிரிக்கக் கூடாது."

"கேளு அம்மணி."

"வளர்மதிங்கறது யாருங்க?"

என் கையில் அரிசி களைந்த தண்ணீர் இருந்தது. அதைக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். "எழுதற அளவுக்கு இருக்குதுங்களா?" என்றாள். இருக்கிறது. அவளுக்காகத் தொடங்கினேன். இந்த வேலைக்கு வரும் மற்றவர்களும் படிக்கட்டும்.

எனக்கு ஊர் அன்னூர்ப் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் தோட்டத்துக் கூலி. எட்டாவதோடு என்னை நிறுத்தி ஒரு ஸ்பின்னிங் மில்லில் சேர்த்துவிட்டார்கள். ஹாஸ்டலில் தங்க வைத்து ஷிப்ட் மாற்றி ஷிப்ட் வேலை வாங்கினார்கள். ஒருநாள் சுவர் ஏறிக் குதித்து வந்துவிட்டேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். வால்பாறையில் தேயிலை கிள்ளினேன். ஊட்டியில் லாட்ஜில் படுக்கை விரித்தேன். பெங்களூரில் ஆபீஸ் கூட்டினேன். கோவையில் ஆஸ்பத்திரி ஆயாவாக இருந்தேன். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்தது, நிற்கவில்லை. எந்த வேலையிலும் யாரும் என்னை விரட்டியதில்லை. ஒரே இடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் எனக்குக் கால் பரபரக்கும், பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். பட்டினி கிடந்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. லாட்ஜிலும் ஆஸ்பத்திரியிலும் காதால் பொறுக்கிய இங்கிலீஷ் கொஞ்சம், கையில் கிடைத்ததையெல்லாம் படித்ததில் வந்த தமிழ் கொஞ்சம், இதுதான் என் படிப்பு.

பிறகு ஒரு செக்யூரிட்டி கம்பெனி என்னை அந்த மையத்துக்கு அனுப்பியது. அவிநாசி ரோட்டில் டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அங்கே வந்து, இங்கிலீஷ் தெரியும் என்று ஒரு கம்ப்யூட்டருக்கு நிரூபித்துவிட்டுப் போவார்கள். பெண் பிள்ளைகளைச் சோதனை போட ஒரு பெண் வேண்டும். அதற்குத்தான் நான். சோதனை முடிந்ததும் ஹாலுக்குள் நின்று காவல் பார்ப்பதும் என் வேலை.

முதலில் பாஸ்போர்ட். முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்ப்பார்கள். பிறகு ஒரு சின்னப் பெட்டியின் மேல் உள்ளங்கையை நீட்ட வேண்டும். அது ரத்த நாளத்தைப் படித்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு என்னிடம் வருவார்கள். பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். கையை முழங்கை வரை மடிக்க வேண்டும். கண்ணாடி போட்டிருந்தால் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். காது மடல், ஜடை, கணுக்கால் எல்லாம் பார்ப்பேன். மந்திரித்த கயிறு கையிலேயே இருக்கலாம், ஆனால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். இடுப்பில் முடிந்த விபூதிப் பொட்டலம், ஜாக்கெட்டுக்குள் மாதா படம், எலுமிச்சம்பழம் எல்லாம் லாக்கருக்குப் போகும். ஒரு பெண் எலுமிச்சம்பழத்தைக் கொடுக்கமாட்டேன் என்றாள். "கண்ணு, அது இங்கிலீஷ் பேசாது, குடு" என்று வாங்கி வைத்தேன்.

எனக்கு மேலதிகாரி ஜெயசீலன் சார். மையத்தின் நிர்வாகி. காரமடைக்காரர், மெலிந்த உருவம், தேய்ந்த செருப்பு. யாரையும் நீ என்று சொல்லமாட்டார். ஒவ்வொரு உத்தரவுக்கும் பின்னால் "சரிங்களா?" என்பார், நாம் சரி என்று சொல்லும்வரை நகரமாட்டார். காலையில் காலி ஹாலைத் திறக்கும்போதும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். வராத பிள்ளைகளின் கம்ப்யூட்டரிலும் அவர்கள் பெயரும் படமும் தேர்வு முடியும்வரை எரிந்துகொண்டிருக்கும். கால் வலிக்கிறதே என்று ஒருநாள் அப்படி ஒரு நாற்காலியில் உட்காரப் போனேன்.

"அதுல ஆளு இருக்குதுங்க" என்றார்.

"வரலையே சார்."

"பேர் இருக்குதில்லீங்க."

வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் எனக்குச் சொன்ன முக்கியமான விதி ஒன்று உண்டு. "உள்ள புள்ளைக பேசுவாங்க. நம்ம கண்ணு அவங்க கை மேல இருக்கோணும். காது இருக்கக் கூடாது. என்ன பேசறாங்கன்னு நாம கேக்கறதில்லைங்க. சரிங்களா?" சரி என்றேன்.

பேசும் பகுதியைப் பார்க்காதவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். படிப்பதும் எழுதுவதும் நடக்கும்வரை கீபோர்டு சத்தம் மட்டும் கேட்கும். பிறகு எங்கோ ஒருவர் பேசத் தொடங்குவார். அடுத்து இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்கப் பேச்சு. ஒவ்வொருவருக்கும் காதில் ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக், பக்கத்தில் தடுப்புப் பலகை. யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். அத்தனை பேரும் எதிரிலிருக்கும் திரையிடம் தங்கள் வாழ்க்கையைச் சொல்வார்கள். அது உம் கொட்டாது. நேரம் முடிந்ததும் பாதி வாக்கியத்தில் வெட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள், கண் திறந்திருக்கும், நம்மைப் பார்க்காது.

முதலில் எனக்கு அது வெறும் இரைச்சல். ஆனால் மில்லில் வளர்ந்த காதுக்கு ஒரு பழக்கம் உண்டு. அத்தனை சத்தத்திலும் எந்தக் கதிரில் நூல் அறுந்தது என்று அது தானாகக் கண்டுபிடிக்கும். நான் கேட்க நினைக்கவில்லை, ஒரு பெயர் வந்து காதில் மாட்டியது. வளர்மதி.

ஒரு பெண், எனக்கு ஒரு அக்கா இருந்தாள், பெயர் வளர்மதி என்று இங்கிலீஷில் சொன்னாள். சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றங்கரையில் எங்கள் வீடு. ஒருநாள் திடீரென்று தண்ணீர் ஏறியது. அக்கா என்னைத் துவைக்கிற கல்லின் மேல் தூக்கிப் போட்டாள். ஏறிக்கோ, திரும்பிப் பார்க்காதே என்றாள். அந்தப் பெண்ணுக்காக எனக்கு வெசனமாக இருந்தது. வெளியே வந்தபோது லாக்கரைத் திறந்து கொடுத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு பையனுக்கும் அதே அக்கா இருந்தாள்.

அதற்கடுத்த வாரம் இரண்டு பேருக்கு. ஒருவன் பாலக்காட்டுப் பக்கம், பேச்சில் மலையாளம் அடித்தது. அவனுக்கும் பவானிக் கரையில் வீடு. மறக்க முடியாத மனிதர் யார் என்று கேட்டால் வளர்மதி. பயந்த ஒரு நாளைச் சொல் என்றால் ஆறு. உனக்குப் பிடித்த பரிசு எது என்றால், வளர்மதி கொடுத்த நீலச் சீப்பு, அதில் ஒரு பல் இல்லை. எந்தப் பூட்டுக்கும் சேரும் சாவி மாதிரி எல்லாக் கேள்விக்கும் அவள் சேர்ந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் அவளுடைய ஒரு துண்டைச் சொல்லிவிட்டுப் போயிற்று. அவள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள் என்று ஒருத்தி சொன்னாள். எருமைக்குப் பாட்டுப் பாடிப் பால் கறப்பாள் என்று இன்னொருத்தி. கடைசியில் மட்டும் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். அன்றைக்கு என் அக்கா இறந்துபோனாள். ஒரே குரல் ஏற்றம், ஒரே குரல் இறக்கம். ஹாலின் இந்த மூலையில் ஒருத்தி கல்லில் ஏறுவாள், அந்த மூலையில் ஒருவனுக்குத் தண்ணீர் அப்போதுதான் காலைத் தொடும்.

ஒரு பையன் அழுதுகொண்டே வெளியே வந்தான். பொள்ளாச்சிக்காரன்.

"அக்கா போய் ரொம்ப நாளாச்சுங்களா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "எனக்கு அக்காவே இல்லீங்க. ஒத்தப் புள்ளை. கோச்சிங்ல குடுத்ததுங்க, என்ன கேட்டாலும் இதைச் சொல்லிப்போடுன்னாங்க."

"அப்பறம் ஏன் அழுவறே?"

"தெரியலீங்க. சொல்லச் சொல்ல இருந்தாப்லயே இருக்குதுங்க" என்றான்.

எனக்குக் கால் பரபரக்கிற காலமெல்லாம் வந்து போனது. நான் பை எடுக்கவில்லை. அவளைப் பற்றி இன்னும் என்ன சொல்வார்கள் என்று காத்திருந்தேன். இது எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்ற பயமும் இருந்தது. ஒருநாள் ஹால் காலியான பிறகு ஜெயசீலன் சார் ஹெட்போன்களைத் துடைத்து மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "போன வாரத்தை விட இன்னைக்கு எச்சா இருந்துச்சுங்களா?"

"பாதி ஹாலுங்க சார்."

தலையை ஆட்டினார். நானும் அடுத்த ஹெட்போனை எடுத்துத் துடைத்தேன். கேட்கக் கூடாது என்பது விதி.

நித்யா வந்தது ஒரு சனிக்கிழமை. ஒல்லியான பெண், ஏற்றிக் கட்டிய ஜடை. அம்மா கீழே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு இடமும் கொடுத்து, படிப்புச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. இந்தத் தேர்வின் மதிப்பெண் மட்டும்தான் பாக்கி, கடைசி நாளும் நெருங்கியிருந்தது. இதையெல்லாம் பாக்கெட்டை இழுத்துக் காட்டிக்கொண்டே மூச்சுவிடாமல் சொன்னாள். பயந்த பிள்ளைகள் நிறையப் பேசும்.

ஜடையைத் தூக்கிப் பார்த்தபோது கொண்டை ஊசிக்குப் பக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டது. உருவி எடுத்தேன். கைக்குள் அடங்கும் ஒரு நீலச் சீப்பு. அதில் ஒரு பல் இல்லை.

"சீப்புக் கூடாதுங்களா?" என்றாள்.

"ஊர் எது கண்ணு?" என்று மட்டும் கேட்டேன்.

"சத்திக்குப் பக்கமுங்க. ஆத்தோரம்."

சீப்பை லாக்கரில் வைத்துப் பூட்டினேன். சாவியை அவளிடம் கொடுத்தேன். அவளை உள்ளே விடாமல் நிறுத்த எனக்கு ஒரு காரணமும் இல்லை. என்ன நடக்கப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

அவளுக்கு நடு வரிசையில் இடம். பேசும் பகுதி தொடங்கியது. முதல் கேள்விகளுக்குத் தயங்கித் தயங்கி, ஆனால் சொந்தமாகப் பேசினாள். பிறகு அவள் திரையில், உன் வாழ்க்கையில் முக்கியமான ஒருவரைப் பற்றிச் சொல் என்று வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் இடது பக்கத்துப் பையன் தொடங்கிவிட்டான். ஹெட்போன் என்னதான் மூடினாலும் பக்கத்துக் குரலை முழுக்க மறைக்காது. அவள் முதுகு விறைத்தது. பின்னாலிருந்த பெண் நீலச் சீப்பைச் சொன்னாள். ஜன்னலோரத்தில் ஒருவன், என் அக்கா வளர்மதி என்றான். நித்யா மெதுவாக ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். எழுந்து நின்றாள்.

நின்றபடி ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை முகங்களும் திரையை நோக்கி இருந்தன. அத்தனை வாய்களும் அசைந்தன.

"எங்கக்காளை உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?" என்றாள், சத்தமாக, தமிழில்.

யாரும் திரும்பவில்லை. திரும்பினால் நேரம் போய்விடும். ஜன்னலோரத்துப் பையன் கடைசி வரிக்கு வந்தான், அன்றைக்கு என் அக்கா இறந்துபோனாள் என்றான். அதையே சற்றுப் பிந்தி இன்னொரு மூலையிலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"சாகல. அவ சாகல" என்றாள் நித்யா.

தேர்வு எழுதுகிறவரைத் தொடக் கூடாது, அவருடன் தமிழில் பேசக் கூடாது. ஜெயசீலன் சார் தேய்ந்த செருப்போடு சத்தமில்லாமல் வந்து அவள் பக்கத்தில் குனிந்தார்.

"அம்மா, டைம் ஓடுதுங்க."

"சார், இவங்கெல்லாம் எங்கக்காளை…"

"எனக்குத் தெரியுமுங்க. நான் கேட்டுட்டுத்தான் இருக்கறேன். நீங்க உக்காந்து உங்களுதைச் சொல்லுங்க. சரிங்களா?"

அவள் சரி என்று தலையாட்டும்வரை அவர் நிமிரவில்லை. அவள் உட்கார்ந்தாள். மீதமிருந்த கொஞ்ச நேரத்தில் உடைந்த இங்கிலீஷில் அதே அக்காவைச் சொன்னாள். அதே கல், அதே சீப்பு. கடைசி வரி மட்டும் வேறு. தண்ணீர் கூட்டிக்கொண்டு போயிற்று, இன்னும் வரவில்லை என்றாள். அதோடு மைக் வெட்டிவிட்டது.

வெளியே வந்து லாக்கர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கேதான் அவளுக்கே விளங்கியது. காலேஜ் கடைசி வருடத்தில் காந்திபுரத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கொஞ்ச நாள் போயிருக்கிறாள். உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார்.

"நான்தானுங்க சொன்னேன். அவரு கண்ணுல தண்ணி வந்துருச்சு. தப்பெல்லாம் திருத்திக் குடுத்தாரு. கடைசில செத்துப்போச்சுன்னு போட்டதும் அவருதானுங்க. கதைக்கு முடிவு வேணும்னாரு."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"என்னமோ இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்லோணுமாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

வளர்மதியின் உடல் கிடைக்கவே இல்லை. அதனால் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை, காரியமும் செய்யவில்லை. கீழே இறங்குவதற்கு முன் நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட அந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் சொல்லிப்போடாதீங்க."

மதிப்பெண் வரவில்லை. அவள் பதில் வேறு பலருடைய பதிலோடு ஒத்துப்போகிறது, மனப்பாடம் செய்து ஒப்பித்ததாகத் தெரிகிறது, அதனால் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று தேர்வு நடத்துகிறவர்களிடமிருந்து தகவல் வந்தது. கம்ப்யூட்டர் அப்போதுதான் அப்படிப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் சொல்லிப் போனபோது சும்மா இருந்தது, உண்மையான தங்கச்சி சொன்னதும் பிடித்துக்கொண்டது.

அம்மாவும் மகளும் மையத்துக்கு வந்தார்கள். அம்மா பெயர் மாராத்தாள். மல்லித் தோட்டத்தில் பூப்பறிக்கிற கூலி, விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தன. மடியில் ஒரு பை. அதில் வரமிளகாய். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் அநியாயம் செய்தவர்களை நினைத்து மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள், இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே போய்விட்டு நேராக எங்களிடம் வந்திருந்தார்கள். ஆனால் மிளகாய் அரைபடாமல் பையிலேயே இருந்தது.

"ஏனுங்க, அரைக்கலீங்களா?" என்றேன்.

"கல்லு முன்னால போய் உக்காந்துட்டனுங்க" என்றார் மாராத்தாள். "யாரை நெனச்சு அரைக்கறது? அந்த வாத்தியாரையா? அவரு எம்புள்ளை கதையைக் கேட்டு அழுதவரு. பேசுன புள்ளைகளையா? அத்தனை பேரும் அவளை அக்கான்னுல்ல சொல்லியிருக்குதுக. அக்கான்னு சொன்ன வாய்க்கு நான் மொளகாப் பூசட்டுமா?"

ஜெயசீலன் சார் எதிரில் நின்றுகொண்டிருந்தார். அவர்களை உட்கார வைத்துவிட்டு என்னை வெளியே அழைத்தார்.

"அன்னைக்கு நடந்ததை நான் மேல எழுதப் போறனுங்க. அந்தப் புள்ளை சொன்னது அவளோடது, மத்தவங்க சொன்னதுதான் மனப்பாடம்னு எழுதோணும். முடிவு வேறன்னும் எழுதோணும்."

"அப்படி எழுதுனா நாம கேட்டோம்னு ஆயிருங்களே சார்."

"கேட்டோம்தானுங்களே" என்றார். பிறகு, "நான் கேட்டேன்னு மட்டும் எழுதிக்கறேன். நீங்க கைகளைப் பாத்துட்டு இருந்தீங்க. சரிங்களா?" என்றார்.

நான் சரி என்று சொல்லவில்லை. அவர் நகராமல் நின்றார். அவர் ஒரு சரிக்காக அவ்வளவு நேரம் காத்திருந்ததை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. கடைசியில் சொன்னேன்.

அவர் எழுதினார். நித்யாவுக்கு மறுதேர்வு கிடைத்தது. கடைசி நாளுக்குள் முடிகிற மாதிரி தேதியும் கொடுத்தார்கள். தேர்வு எழுதுகிறவர்களின் பேச்சைக் கேட்ட நிர்வாகியை அங்கே வைத்திருக்க முடியாது என்றும் சொன்னார்கள். சார் போகிற அன்று காலையில் ஹாலை இரண்டு தட்டுத் தட்டித் திறந்து விளக்கைப் போட்டுவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுக் காரமடை பஸ்ஸுக்குப் போனார். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருக்கிறார்.

மறுதேர்வு அன்று நித்யாவின் சீப்பை வாங்கி வைத்தேன். "இன்னைக்கு என்ன சொல்லப் போறே கண்ணு?"

"அக்காளைச் சொல்ல முடியாதுங்களே. மிஷினு புடிச்சுக்கும்." சிரித்தாள், கையால் வாயை மூடிக்கொண்டு. "ஊரே சொல்லலாம், நான் மட்டும் சொல்லக் கூடாது. ஒரு மாமனைக் கண்டுபுடிச்சு வெச்சிருக்கறனுங்க. லாரி ஓட்டற மாமன். எனக்கு அப்படி ஒருத்தரும் இல்லை."

இல்லாத அந்த மாமனை அவள் நன்றாகச் சொன்னாள். அவரோடு லாரியில் ஹம்பி வரைக்கும் போய்வந்தாள். அவளைச் சுற்றி அன்றைக்கும் நாலைந்து பேர் வளர்மதியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் மேஜை விளிம்பை விடாமல் பிடித்திருந்தது.

மதிப்பெண் வந்தது, போதுமான அளவுக்கு மேலேயே. நித்யா அயர்லாந்துக்குப் போனாள்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை மாராத்தாள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நித்யாவுக்கு ஏதாவது காகிதம் வேண்டுமாக்கும் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் இல்லீங்க. பூ ஏத்தற வண்டில கூடவே வந்தேன்." மாடியைப் பார்த்தார். "உள்ள இன்னைக்கும் பேசுனாங்களா?"

"பேசுனாங்கம்மா."

"என்ன சொன்னாங்க?"

எருமைக்குப் பாட்டுப் பாடியதைச் சொன்னேன். சீப்பைச் சொன்னேன். கடைசி வரியைச் சொல்லவில்லை. தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அவ பாடுவா. கொரலு நல்லாருக்காது, ஆனா எருமை நிக்கும்" என்றார். அந்த வரமிளகாயை எடுத்து என் கையில் கொடுத்தார். "கொழம்புக்குப் போட்டுக்கோங்க." நான் போடவில்லை. டப்பாவில் இன்னும் இருக்கிறது.

அவ்வப்போது வருவார். எத்தனை பேர் என்று கேட்கமாட்டார், பேசினார்களா என்று மட்டும் கேட்பார். என் பதிலைக் கேட்டதும் எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

இதற்கிடையில் நித்யா அந்த மாஸ்டருக்குப் போன் செய்து பேசியிருந்தாள். அவர் பதறிப் போனார். கதையை எடுத்துவிட்டார், அவரிடமிருந்து வாங்கிப்போன மற்ற வகுப்புகளுக்கும் சொன்னார். மிஷினும் பிடிக்கத் தொடங்கியதால் எல்லோரும் விட்டுவிட்டார்கள். கொஞ்ச காலம் ஹால் முழுவதும் புதுக் கோச்சிங் கதையாக, மாமரம் நட்ட ஒரு தாத்தா நடமாடினார். பிறகு அவரும் போய்விட்டார். பிள்ளைகள் தங்கள் தங்கள் கதையைத் தட்டுத் தடுமாறிச் சொல்லத் தொடங்கினார்கள். வளர்மதி நின்றுபோனாள். நான் காது கொடுத்துத் தேடினேன், இல்லை.

மாராத்தாள் வந்தார். "பேசுனாங்களா?"

"பேசுனாங்கம்மா" என்றேன்.

எனக்கு முழங்கால் போய் நான் வேலையை விடும்வரை அப்படித்தான் சொன்னேன். அதற்குள் எருமை, சீப்பு எல்லாம் தீர்ந்துவிட்டது. நானாகச் சிலதைச் சேர்த்தேன். ஒரு தடவை, வளர்மதிக்கு மழை பிடிக்கும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னேன். மாராத்தாள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாங்க, புடிக்கும்" என்றார்.

சுகன்யா, நீ அந்தப் பெயரைச் சொன்னதும் நான் ஏன் போனில் சொல்லவில்லை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். இதை எழுதத் தொடங்குவதற்கு முன் உனக்கு நான் திரும்பப் போன் செய்தது நினைவிருக்கும். கடைசியில் எப்படி முடிக்கிறார்கள் என்று ஒன்றுதான் கேட்டேன்.

"அதுதானுங்க அக்கா எனக்கு ஒரு மாதிரி இருக்குது" என்றாய். "நாலஞ்சு பேரு, ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்க. ஒரே கோச்சிங்கும் இல்ல, நான் வெளிய வரும்போது கேட்டுப்போட்டேன். எல்லாருமே, தண்ணி கூட்டிட்டுப் போச்சு, இன்னும் வரலைன்னு முடிக்கறாங்க."

அந்த வரி அந்த ஹாலில் ஒரே ஒரு தடவைதான் சொல்லப்பட்டது. கேட்டது நான், ஜெயசீலன் சார், அந்த மைக். நித்யாவிடம் கேட்டேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை என்றாள். சாரிடமும் கேட்டேன், முடிவு வேறு என்று மட்டும்தான் மேலே எழுதினாராம். "ஹாலைத் தொறக்கறப்போ தட்டறாங்களான்னு உங்க எடத்துக்கு வந்த புள்ளையைக் கேளுங்க" என்றார். நீ தட்டு கண்ணு. அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. சனிக்கிழமைகளில் கீழே படிக்கட்டில் விரல் நுனி கறுத்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தால், தண்ணீர் கொடுத்து, அவர் கேட்பதற்கு முன்னாலேயே, பேசினார்கள் என்று சொல்லிவிடு. முடிவு என்ன என்று அவர் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. உன்னிடம் கேட்டால், உன் காதில் விழுந்ததை அப்படியே சொல்லலாம்.